எல்லாப் பிள்ளைகளும் ஆட வேண்டுமா? – சிறுவர் சொஃப்ட்போல் பற்றிய வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறுவர் சொஃப்ட்போல் பற்றியவை. மென்பந்து என்றதும் நம் ஊரில் ரெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட்டே நினைவுக்கு வரும்; வாசகர்கள் கேட்டிருப்பது அதைப் பற்றியன்று. 1887 இல் சிக்காகோ நகரில் ஒரு மண்டபத்துக்குள் தொடங்கிய, கையைத் தாழ்த்திப் பந்தெறிந்து நான்கு தளங்களைச் சுற்றி ஓடும் ஆட்டம் இது. கனடாவிலும் அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம் உறவினரின் பெண்பிள்ளைகள் பலர் இதை ஆடுகிறார்கள். விடுமுறைக்கு வரும்போது கையுறையும் பந்தும் அவர்களோடு வருவதால், இங்கும் சில மைதானங்களில் இந்த ஆட்டத்தைக் காண முடிகிறது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கையின் மகளுக்குப் பத்து வயது. அங்கே ஒரு பொழுதுபோக்கு அணியில் சொஃப்ட்போல் ஆடுகிறாள். நன்றாக ஆடும் பிள்ளைகளை இடையில் வெளியே இருத்திவிட்டு, பந்தைப் பிடிக்கவே தெரியாத பிள்ளைகளை அவர்களின் பயிற்றுவிப்பாளர் இறக்குகிறாராம். அதனால்தான் அணி தோற்கிறது என்று தங்கையின் கணவர் அவரோடு வாக்குவாதப்பட்டிருக்கிறார். யார் பக்கம் நியாயம்?
– ஒரு பெரியம்மா, கோண்டாவில்

பதில்: பயிற்றுவிப்பாளர் பக்கமே நியாயம். தங்கள் மைத்துனரின் கோபத்திலும் கேட்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அந்த நாடுகளில் சிறுவர் ஆட்டம் இரண்டு வகையாக நடக்கிறது. ஒன்று, தெரிவுப் பரீட்சை வைத்து ஆட்களை எடுத்து வேறு நகரங்களுக்குச் சென்று போட்டியிடும் அணி. மற்றையது, பதிவுக் கட்டணம் செலுத்திய எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு உள்ளூருக்குள் ஆடும் அணி; அதைத்தான் ஹவுஸ் லீக் என்கிறார்கள். தங்கள் பெறாமகள் ஆடுவது இரண்டாவது வகை என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. இந்த வகையில் எல்லோரையும் ஆட வைப்பதைப் பயிற்றுவிப்பாளரின் இரக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. பல கழகங்களில் அது எழுதப்பட்ட விதி. 1974 முதல் பெண்பிள்ளைகளுக்கு சொஃப்ட்போல் நடத்திவரும் அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பை எடுத்துக்கொண்டால், பதிவான ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும், எதிரணியின் ஆறு ஆட்டமிழப்புகள் விழும் வரையாவது களத்தடுப்பில் நிற்க வேண்டும், ஒரு தடவையாவது மட்டை பிடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய அடிப்படை விதி. ஒரு பிள்ளைக்கு அது கிடைக்காமற் போனால், அடுத்த ஆட்டத்தில் அந்தப் பிள்ளையைத் தொடக்கத்திலேயே இறக்கிக் குறையை ஈடுசெய்ய வேண்டும். வேறு பல கழகங்கள் இன்னும் ஒரு படி மேலே போய், களத்தில் நிற்பவர் ஒன்பது பேரானாலும் வந்திருக்கும் எல்லாப் பிள்ளைகளும் வரிசைப்படி மட்டை பிடிக்க விடுகின்றன.

விதிக்குக் காரணம் இருக்கிறது. பத்து வயதில் ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைவிட நன்றாக ஆடுகிறாள் என்றால், பெரும்பாலும் அவள் சில மாதம் மூத்தவளாக இருப்பாள், அல்லது உயரம் முந்தி வந்திருக்கும், அல்லது வீட்டில் ஒரு அண்ணன் பந்தெறிந்து பழக்கியிருப்பான். பதினைந்து வயதில் இந்த வரிசை தலைகீழாக மாறுவதைப் பாடசாலை மைதானங்களில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பத்து வயதிலேயே வாங்கில் இருத்தப்பட்ட பிள்ளைக்குப் பதினைந்து வயது வரை காத்திருக்கப் பொறுமை இராது. அவள் அடுத்த ஆண்டு பதியவே மாட்டாள். சிறுவர் அணியின் பயிற்றுவிப்பாளர் ஒருவரை நான் மதிப்பிட வேண்டுமானால், வென்ற கிண்ணங்களைப் பார்க்க மாட்டேன். சென்ற ஆண்டு ஆடியவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்திருக்கிறார்கள் என்றே கேட்பேன்.

இனி மைத்துனரின் பக்கம். பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளையைப் பழக்காமல் முதலாம் தளத்தில் நிறுத்துவது நீதியாகாது; அது ஆபத்து. முதலாம் தளத்தில் நிற்பவரை நோக்கித்தான் ஆட்டத்தின் வேகமான எறிகள் பல வரும். எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுக்கிறேன் என்று சொல்லும் பயிற்றுவிப்பாளர், எல்லோருக்கும் கற்பிக்கிறேன் என்றும் ஒப்புக்கொள்கிறார். கற்பிப்பது பெரிய வித்தையன்று. பந்தைக் கண்டதும் கண்ணை மூடி முகத்தைத் திருப்பும் பிள்ளைக்கு முதலில் கையுறை இல்லாமல், மிக அருகில் நின்று, ரெனிஸ் பந்தைத் தாழ்த்திப் போட வேண்டும். இடுப்புக்கு மேலே வரும் பந்துக்கு விரல்கள் வானத்தைப் பார்க்க வேண்டும். இடுப்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் நிலத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைப் பழகிய பிள்ளைக்குப் பயம் பாதி போய்விடும். பிறகு கையுறை, பிறகு உரிய பந்து, பிறகு தூரம். அந்தப் பயிற்றுவிப்பாளர் இதைச் செய்கிறாரா என்று பார்ப்பதற்கு மைத்துனர் ஒரு நாள் பயிற்சி நேரத்தில் போய் நிற்கட்டும். செய்கிறார் என்றால், வாக்குவாதத்தை விட்டுவிட்டு அவருக்கு உதவியாக நாலு பந்து எறிந்து கொடுக்கலாம்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலைய மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்கு சொஃப்ட்போல் பழக்குகிறேன். எல்லோரும் பாடசாலையில் எல்லே ஆடியவர்கள். நன்றாக அடிக்கிறார்கள், நன்றாக ஓடுகிறார்கள். ஆனால் ஓடுகிற பிள்ளையின் முதுகிலேயே பந்தால் எறிகிறார்கள். எத்தனை தடவை சொன்னாலும் மறக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, வட்டுக்கோட்டை

பதில்: நம் நாட்டுப் பந்தாட்டமான எல்லேயில் ஓடுபவர்மீது பந்தை எறிந்து ஆட்டமிழக்கச் செய்வதே திறமை. அந்தப் பழக்கத்தோடு வந்த பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. சொஃப்ட்போலில் எறிந்த பந்து ஓடுபவர்மீது பட்டால் அவர் அதனால் ஆட்டமிழப்பதில்லை. பந்தும் ஆட்டத்தில் தொடர்ந்து இருக்கும், மற்றவர்கள் மேலும் ஒரு தளம் ஓடிவிடுவார்கள். ரெனிஸ் பந்து முதுகில் பட்டால் சிறிது நேரம் எரியும். சொஃப்ட்போல் பந்தோ பெயரில் மட்டுமே மென்மையானது. தலையில் பட்டால் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். ஆகவே இந்தப் பழக்கம் மாறும் வரை ரெனிஸ் பந்திலேயே ஆட விடுங்கள்.

மாற்றுவதற்கு ஒரு வழி: இரண்டு வாரத்துக்கு எறிதலையே நிறுத்திவிட்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தை மிதிக்கும் ஆட்டத்தை மட்டும் ஆடச் சொல்லுங்கள். பின்னால் இன்னொருவர் ஓடிவருவதால் ஓடியே ஆக வேண்டிய நிலையில் ஒருவர் இருந்தால் தளத்தை மிதித்தாலே போதும். அப்படிக் கட்டாயம் இல்லாதவரைப் பந்து உள்ள கையால் அல்லது கையுறையால் தொட வேண்டும். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்தால், எறிய வேண்டிய இடம் தளத்தில் நிற்கும் தோழியின் கையுறையே என்பது தானாக விளங்கும்.

கிரிக்கெட் ஆடிய பிள்ளைகளிடம் வேறு இரண்டு பழக்கங்கள் இருக்கும், கவனியுங்கள். அடித்தபின் மட்டையோடு ஓடுவார்கள். மட்டையைப் போட்டுவிட்டு, அதுவும் வீசாமல் கீழே விட்டுவிட்டு ஓடப் பழக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் பந்து பிடிக்க இருப்பவர் ஒரு பாகத்துக்குள்தான் இருக்கிறார். பந்து அருகில் விழுந்தால் ஓடாமல் நிற்பார்கள். சொஃப்ட்போலில் எல்லைக் கோடுகளுக்குள் பந்தை அடித்துவிட்டால் ஓடித்தான் ஆக வேண்டும், நின்று அடுத்த பந்தைப் பார்க்கிற வசதி இல்லை. முதலாம் தளத்தை மிதித்துத் தாண்டி ஓடலாம் என்பதை மட்டும் கிரிக்கெட்டிலிருந்து வந்த பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம், மூன்றாம் தளங்களில் அப்படித் தாண்டினால் தொட்டு ஆட்டமிழக்கச் செய்யலாம் என்பதையும் கூடவே சொல்லிவிடுங்கள்.

எல்லேயால் தங்களுக்கு ஒரு நன்மையும் உண்டு. அதில் அடிப்பவருக்குப் பந்து போடுபவர் அவருடைய சொந்த அணிக்காரரே. வெளிநாடுகளில் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் ஆட்டத்தில், எதிரணிச் சிறுமி எறிவதற்குப் பதிலாக, அடிக்கும் அணியின் பயிற்றுவிப்பாளரே பந்து போட்டுக் கொடுக்கும் விதி பல கழகங்களில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது புதிதாக இராது. சிறிய வகுப்புகளுக்கு அப்படியே தொடங்குங்கள்.

கேள்வி: ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நட்புப் போட்டி ஒன்று வைத்தோம். எதிரணிப் பயிற்றுவிப்பாளர், எங்கள் பந்து பிடிக்கும் பிள்ளை பந்தைத் தவறவிடும் ஒவ்வொரு தடவையும் தன் பிள்ளைகளை அடுத்த தளத்துக்கு ஓடச் சொன்னார். பந்தை அடிக்காமலே அவர்கள் ஓட்டம் எடுத்தார்கள். ஒரு இன்னிங்ஸ் முடியவே இல்லை. எங்கள் பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். கேட்டதற்கு, விதியில் இடமிருக்கிறது என்றார். உண்மையில் இடமிருக்கிறதா?
– ஒரு தந்தை, சாவகச்சேரி

பதில்: பெரியவர்களின் விதிநூலில் இடமிருக்கிறது. பந்து எறிபவரின் கையை விட்டு நீங்கியதும் ஓடுபவர் தளத்தை விடலாம். பந்து தவறினால் அடுத்த தளத்துக்கும் போகலாம். ஆனால் அந்த விதி, பந்தைத் தவறாமல் பிடித்து இரண்டாம் தளத்துக்கு நேராக எறியக்கூடிய ஒருவர் பின்னால் இருக்கிறார் என்று எண்ணி எழுதப்பட்டது. ஒன்பது வயதுப் பிள்ளையால் அது முடியாது. எதிர்ப்பவருக்குத் தடுக்கவே வழியில்லாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து எடுக்கும் ஓட்டத்தில் எந்தத் திறமையும் இல்லை. அதைச் செய்த பிள்ளைகளும் அன்று ஒன்றும் கற்கவில்லை. ஓர் அடியும் அடிக்காமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எனக்கு அதுதான் கூடுதலான மனவருத்தம்.

இதனால்தான் சிறுவர் கழகங்கள் பெரியவர்களின் விதியை அப்படியே எடுப்பதில்லை. இளம் பிரிவுகளில் ஒரு இன்னிங்ஸில் ஓர் அணி ஐந்து ஓட்டம் எடுத்ததும் பக்கம் மாறிவிடும் விதி பரவலாக இருக்கிறது. மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது அடிப்பவர் மூன்றாம் தடவையாகத் தவறவிட்ட பந்தை, பின்னால் இருப்பவர் பிடிக்காமல் விட்டால் அடித்தவர் முதலாம் தளத்துக்கு ஓடலாம் என்ற பெரியவர் விதியையும் இளம் பிரிவுகளில் நீக்கிவிடுகிறார்கள். பந்தை அடிக்காமலே இப்படி அடுத்த தளத்துக்கு ஓடுவதை, அதாவது தளம் திருடுவதை, முழுவதும் தடுக்கும் கழகங்களும் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு தளம் மட்டும் என்று வரையறுக்கும் கழகங்களும் உண்டு.

ஆட்டத்தை உருவாக்கியவர்களே இப்படிப்பட்ட தந்திரங்களை விரும்பவில்லை என்பதற்குப் பெரியவர்களின் விதிநூலிலேயே சான்று இருக்கிறது. முதலாம், இரண்டாம் தளங்களில் ஆட்கள் நிற்கும்போது, தளங்களை ஒட்டிய உட்பகுதியில் உயரமாக எழும் இலகுவான பந்தைக் களத்தடுப்பாளர் வேண்டுமென்றே தவறவிட்டால், ஒரே பந்தில் இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்துவிடலாம். பந்து பிடிபடும் என்று நம்பித் தளத்திலேயே நின்றவர்கள், பந்து விழுந்ததும் ஓடியே ஆக வேண்டியவர்களாகி ஏமாந்துபோவார்கள். சொஃப்ட்போலுக்குத் தாய் ஆட்டமான பேஸ்போலில் 1890களிலேயே இதற்கு விதி வைத்தார்கள். சொஃப்ட்போலும் அதை எடுத்துக்கொண்டது. அந்நிலையில், இரண்டு பேர் ஏற்கனவே ஆட்டமிழந்திராவிட்டால், பந்து பிடிபட்டாலும் விழுந்தாலும் அடித்தவர் ஆட்டமிழந்தார் என்று நடுவர் அறிவித்துவிடுவார். மற்றவர்கள் ஓட வேண்டிய கட்டாயம் நீங்கிவிடும். வளர்ந்தவர்களையே இந்த ஏமாற்றிலிருந்து காக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கும்போது, ஒன்பது வயதுப் பிள்ளைகளை நாம் காக்க வேண்டாமா?

அடுத்த போட்டிக்கு முன் இரு அணிப் பயிற்றுவிப்பாளர்களும் நடுவரும் உட்கார்ந்து ஒரு தாளில் நாலைந்து வரி எழுதுங்கள்: ஓட்ட எல்லை, தளம் திருடுதல், ஒவ்வொரு பிள்ளையும் ஆட வேண்டிய அளவு, நேரம். அதைப் போட்டி தொடங்கும்போது பெற்றோர் முன்னிலையில் உரக்க வாசியுங்கள். எழுதி வாசித்த விதியைப் பற்றி மைதானத்தில் சண்டை வருவது குறைவு. அந்தப் பயிற்றுவிப்பாளரையும் ஒதுக்கிவிடாமல் அழையுங்கள். விதியை நன்றாக அறிந்த ஒருவர் இந்தப் பக்கம் வந்தால் பிள்ளைகளுக்குப் பயன்.

கேள்வி: எனக்குப் பதின்மூன்று வயது. நான் மட்டை பிடித்தால் மூன்று ஸ்ட்ரைக்கிலேயே ஆட்டமிழந்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் சேர் எல்லோருக்கும் முன்னால் ஏசுகிறார். அம்மா, விளையாட்டை விட்டுவிட்டு அந்த நேரத்துக்கும் ரியூசனுக்குப் போகச் சொல்கிறா. விட்டுவிடவா?
– ஒரு மாணவி, கரவெட்டி

பதில்: விட வேண்டாம், பிள்ளை. இந்த ஆட்டத்தில் பத்துத் தடவை மட்டை பிடித்து நாலு தடவை நன்றாக அடித்துத் தளத்தை எட்டுபவரை மிகச் சிறந்தவர் என்கிறார்கள். அவரும் ஆறு தடவை தலையைக் குனிந்துகொண்டு திரும்பித்தான் வருகிறார். பந்தெறிபவர் உமக்குச் சுமார் நாற்பது அடி தூரத்தில் நிற்கிறார். நன்றாக எறிந்தால் பந்து உம்மிடம் வந்து சேர அரை வினாடியளவுதான் எடுக்கும். அதற்குள் பார்த்து, தீர்மானித்து, மட்டையைச் சுழற்ற வேண்டும். இது கடினமான வேலை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளும்.

நீர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. எறிபவரின் முகத்தையோ சுழலும் கையையோ பார்க்காமல், அவருடைய இடுப்புப் பக்கத்தையே பாரும். பந்து அங்கிருந்துதான் புறப்படும். வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் குழாயை நிலத்தில் நட்டு, அதன் வாயில் சைக்கிள் ரியூப் துண்டைச் செருகி, அதன்மேல் பழைய ரெனிஸ் பந்தை வைத்து அடித்துப் பழகும். குழாய் உம்முடைய இடுப்பு உயரத்துக்கு இருக்கட்டும். அசையாத பந்தை நேராக அடிக்கப் பழகிய கை, அசையும் பந்தையும் தேடிப் போகும்.

உமது சேருக்கு நான் சொல்ல விரும்புவதை இந்தப் பக்கத்திலேயே சொல்கிறேன், அவர் வாசிக்கட்டும். ஆட்டமிழந்து திரும்பும் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பது ஏற்கனவே தெரியும். அந்த நேரத்தில் ஏசுவதால் அவள் கற்பது ஒன்றே ஒன்று: மட்டையை வீசாமல் நின்றால் ஏச்சுக் குறையும் என்பது. பிறகு அவள் வீசவே மாட்டாள். திருத்த வேண்டியதை அடுத்த நாள் பயிற்சியில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி, ஒரு தடவைக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். போட்டி நடக்கும்போது சொல்லக்கூடியது, நல்லாக வீசினாய், அடுத்த முறை பார் என்பது மட்டுந்தான்.

அம்மாவிடம் இந்தப் பதிலைக் காட்டும். கிழமையில் இரண்டு பின்னேரம் ஓடி வியர்த்து வரும் பிள்ளையின் படிப்பு அதனால் கெட்டுவிடாது.

கேள்வி: என் மகள் ஆடும் அணிக்கு நானே பயிற்றுவிப்பாளர், ஆள் இல்லாதபோது நடுவராகவும் நிற்கிறேன். சிலர் குறை சொல்கிறார்கள். நான் நேர்மையாகத்தான் நடக்கிறேன்.
– ஒரு தந்தை, நல்லூர்

பதில்: தங்கள் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனாலும் நடுவராக நிற்க வேண்டாம். தாங்கள் சரியாகக் கொடுத்த தீர்ப்பையும் மற்றப் பெற்றோர் நம்பமாட்டார்கள். அந்தப் பேச்சு முதலில் தங்கள் மகளின் காதில்தான் விழும். விதி தெரிந்த பெரிய வகுப்பு மாணவி ஒருவரை நடுவராக்கி, அவருடைய தீர்ப்பு பிழையாகத் தோன்றினாலும் வாய் திறவாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பயிற்றுவிப்பாளரின் பிள்ளையே எப்போதும் பந்தெறிய நிற்கிறாள் என்ற குறையும் இருந்தால், எறிபவரை முறை வைத்து மாற்றுங்கள். கையைத் தாழ்த்திச் சுற்றிவீசும் எறி இயல்பானது, கையை நோகச் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள்; அது சரியன்று. ஒரே பிள்ளை நாள் முழுதும் எறிந்தால் தோளின் முன்பக்கத்திலும் மேற்கைத் தசைநாரிலும் வலி வரும். வலி என்று சொல்லும் பிள்ளையை அன்றே நிறுத்த வேண்டும்.

கேள்வி: பயிற்சி முடிய இருட்டிவிடுகிறது. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பயிற்றுவிப்பாளர் தனது மோட்டார் சைக்கிளில் ஒவ்வொருவராக வீட்டில் இறக்குகிறார். நல்ல மனிதர்தான். கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்குகிறேன்.
– ஒரு தாய், கோப்பாய்

பதில்: தயங்க வேண்டாம். கனடாவில் இதற்கென்றே இருவர் விதி என்ற ஒன்றை எல்லா விளையாட்டுகளிலும் வலியுறுத்துகிறார்கள்: பயிற்றுவிப்பாளர் ஒருவர் எந்தப் பிள்ளையோடும் தனித்து இருக்கக் கூடாது, பொறுப்புள்ள வளர்ந்தவர் இன்னொருவர் பார்க்கும் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும். பயணத்துக்கும் கைப்பேசிச் செய்திக்கும் இது பொருந்தும். நல்ல மனிதரையும் இந்த விதி பழிச்சொல்லிலிருந்து காக்கிறது. ஆகவே இதை அவர்மீது வைத்த ஐயமாகச் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவான ஒழுங்காகப் பெற்றோர் கூட்டத்தில் வையுங்கள். பயிற்சியை அரை மணி நேரம் முன்னதாக முடித்து, பெற்றோர் முறை வைத்து வந்து கூட்டிச் செல்வதே நல்லது. சித்திரை, வைகாசியில் வெயிலுக்காகப் பிந்தித் தொடங்க வேண்டியிருந்தால், நேரத்தைக் குறையுங்கள். இருட்டுக்குள் நீட்ட வேண்டாம்.

கேள்வி: ஒன்பது வயது மகளுக்கு அவளுடைய மாமா அவுஸ்திரேலியாவிலிருந்து பந்தும் கையுறையும் வாங்கி அனுப்பக் கேட்கிறார். எதைச் சொல்வது? மைதானத்தின் அளவையும் எழுதுங்கள்.
– ஒரு தாய், காரைநகர்

பதில்: பத்து வயது வரை 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தே பொதுவாகப் பயன்படுகிறது, அதற்கு மேல் 12 அங்குலம். தொடக்கத்துக்கு உள்ளே மென்மையாகச் செய்த பயிற்சிப் பந்தைக் கேளுங்கள். தளங்களுக்கு இடையே 60 அடி, அதாவது 18 மீற்றருக்குச் சற்றுக் கூட. எறியும் தூரம் பத்து வயதுக்கு 35 அடி, பன்னிரண்டு வயதுக்கு 40 அடி, வளர்ந்த பெண்களுக்கு 43 அடி. கையுறையைவிட முகக் கம்பி வைத்த தலைக்கவசம் முக்கியமானது. ஒன்றுதான் அனுப்ப முடியும் என்றால் அதை முதலில் கேளுங்கள். கையுறை கேட்கும்போது மகள் எந்தக் கையால் எறிகிறாள் என்பதையும் எழுதுங்கள். வலக்கையால் எறிபவருக்கு இடக்கையில் போடும் கையுறைதான் வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மாறி வந்துவிடும்.